வில்லுக்கு இரண்டு கை

கை தூக்காதவனுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் படுவான்கரையில் இது எழுதப்பட்ட சட்டம். ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் விவசாயிகள் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். எந்தத் திகதியில் விதைப்பது, எந்தத் திகதியில் குளத்தைத் திறப்பது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வயல்வெளியான வட்டையை விட்டு வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கைகள் எழும். எண்ணி முடித்தால் அது தீர்மானம். அதற்குப் பிறகு வானம் இடிந்து விழுந்தாலும் திகதி மாறாது.

இந்த முறையில் நெடுங்காலமாக ஓர் அநீதி நடந்து வந்ததை வில்லுகளுக்கான நீர் உரிமைப் பணியகம் வந்துதான் கண்டுபிடித்தது. ஆற்றோரத்தில் எங்களுக்கு ஒரு வில்லு இருக்கிறது. மழைக்கு நிறைந்து வெயிலுக்கு வற்றும் தாழ்ந்த நிலம். தாமரை, பன்புல், நாரை எல்லாம் உண்டு. மேலே குளம் கட்டிய பிறகு அதற்கு வரவேண்டிய ஆற்றுத் தண்ணீர் சரியாக வருவதில்லை. இது உண்மை. பணியகம் இந்த உண்மையோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்திராது. வில்லுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஆராய்ந்த பணியகம், வில்லு இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்து கை தூக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

பணியகம் வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்துக்கு நல்லரத்தினம் போனது தண்ணீர் கேட்க அல்ல, கதிரை எடுக்க. அவருக்கு ஒரு சாண் வயல்கூடக் கிடையாது. பிளாஸ்ரிக் கதிரைகளை வாடகைக்கு விடுவது அவர் தொழில். வில்லின் கரையில் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள குடியிருப்பு ஒன்றில் அவருடைய வீடும், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலும் இருந்தன. கொட்டிலில் கல்யாண வீட்டுக் கதிரைகள் ஒரு பக்கம், செத்த வீட்டுக் கதிரைகள் மறு பக்கம். இரண்டும் கலக்கக் கூடாது என்பது மனைவி அன்னப்பூரணியின் கண்டிப்பான கட்டளை. அரசாங்கக் கூட்டங்களுக்கு எந்தப் பக்கத்துக் கதிரை போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நல்லரத்தினத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்பதைவிட நோய் என்று சொல்லலாம். சீருடை போட்ட எவராவது உரக்கக் கத்தினால் அவருடைய கைகள் இரண்டும் தாமாகவே தலைக்கு மேல் போய்விடும். குரலும் நின்றுவிடும். இளவயதில் சோதனைச் சாவடிகளிலும், சுற்றிவளைத்துக் கொண்டுபோய் நிறுத்திய விளையாட்டு மைதானங்களிலும், சாக்கால் முகம் மூடி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னாலும் கையைத் தூக்கித் தூக்கி உடம்பு பழகிவிட்டது. சண்டை முடிந்து வருடங்கள் போய்விட்டன. அந்தச் செய்தி அவருடைய கைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தபால்காரர் மணியடித்து அதட்டினாலும் தூக்குவார். இதில் அவருக்குப் பெரிய வெட்கம்.

அன்றைக்கு மண்டபத்தில் பணியகத்தின் பணிப்பாளர் சுதாகரன் பேசிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு வட்டவிதானை இருக்கிறார். உங்களுக்காகத் தண்ணீர் கேட்டு வாதாடுகிறார். வில்லுக்காக வாதாட யார் இருக்கிறார்? நான் இந்த வில்லை இன்னும் நேரில் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. பார்த்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் நடுநிலை போய்விடும். பார்க்காமலே சொல்கிறேன், வில்லு தாகத்தில் கிடக்கிறது. வில்லின் பிரதிநிதியாக இருக்க விரும்புகிறவர் கையை உயர்த்துங்கள்."

ஒருவரும் அசையவில்லை. வில்லுக்கு வாதாடுவதென்றால் வட்டைக்காரர்களுக்கு எதிராக வாதாடுவது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து, பணிப்பாளரின் வாகனத்தை எடுக்க முடியாதபடி வாசலில் அடுக்கியிருந்த கதிரைகளைக் கண்ட சாரதி உள்ளே வந்தான். காக்கிச் சட்டை, கறுப்புச் சப்பாத்து. "ஆரு இந்தக் கதிரைக்குப் பொறுப்பு?" என்று மண்டபம் அதிரக் கத்தினான்.

நல்லரத்தினத்தின் கைகள் எழுந்தன.

"பாருங்கள்!" என்றார் பணிப்பாளர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு கை கேட்டேன். இரண்டு கையையும் தூக்குகிறார். பற்று என்றால் இதுதான் பற்று."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தங்கள் தலை தப்பிய மகிழ்ச்சியில் விவசாயிகள்தான் அதிகம் தட்டினார்கள். நல்லரத்தினம் வாயைத் திறந்து பார்த்தார். குரல் வரவில்லை. அது வந்து சேர்ந்தபோது அவருடைய கழுத்தில் மாலை விழுந்திருந்தது.

வில்லைப் பிரதிநிதித்துவம் செய்வது சும்மா வேலை அல்ல. பாசிக்குடாவில் குளிரூட்டிய மண்டபத்தில் செயலமர்வு வைத்தார்கள். நல்லரத்தினத்துக்கு ஒரு தொப்பி, ஒரு பை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கிடைத்தன. அட்டையில் பெயர் என்ற இடத்தில் 'வில்லு' என்று இருந்தது. வீதியில் யாராவது மறித்துக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்.

"கண்ணை மூடுங்கள் நல்லரத்தினம்," என்றார் பணிப்பாளர். "இப்போது நீங்கள்தான் வில்லு. உங்கள் மேல் ஒரு நாரை வந்து இறங்குகிறது. என்ன உணர்கிறீர்கள்?"

"பயமா இரிக்கி சேர்."

"அருமை! வில்லு அச்சத்தில் இருக்கிறது. எழுதுங்கள் மிஸ், எழுதுங்கள்."

மிஸ் என்பது தக்ஷாயினி, பணியகத்தின் கள உத்தியோகத்தர். நல்ல பிள்ளை. அவள்தான் கிழமைக்கொருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு நிலைமை கேட்பாள். "வில்லு ஐயா, இண்டைக்கு உங்கட ஆழம் எவ்வளவு?"

"ஐயோ புள்ள, எனக்கு நீந்தத் தெரியா. நான் எப்பிடி இறங்கிப் பாக்கிற?"

"குறை நினைக்காதீங்க ஐயா. வில்லுக்கிட்டதான் கேக்கச் சொல்லிருக்காங்க. நானா அளந்தா அது தலையீடாம்."

அவர் யன்னலால் எட்டிப் பார்த்து, முழங்கால் அளவு என்றோ இடுப்பளவு என்றோ சொல்லுவார். அது அறிக்கையாகும். ஆற்றுக் கால்வாயிலிருந்து வில்லுக்குத் தண்ணீர் விட, கொங்கிறீற்றில் ஒரு கதவும் கட்டினார்கள். கதவைவிடப் பெரியதாகப் பெயர்க்கல் கட்டினார்கள். அடுத்த கூட்டத்தில், மார்கழியில் ஒரு நல்ல நாள் பார்த்து வில்லுக்கு உரிமை நீர் திறப்பது என்று தீர்மானமானது. நல்லரத்தினமும் அதற்குக் கை தூக்கினார். அதே சாரதிதான் அன்றைக்கும் வாசலில் நின்றான்.

அந்த வருடம் கார்த்திகையில் பிடித்த மழை விடவில்லை. வில்லு தானாகவே நிறைந்தது. தாமரை மூழ்கியது, பன் மூழ்கியது, நாரைகள் மரத்துக்குப் போயின. தண்ணீர் வந்து நல்லரத்தினத்தின் கொட்டில் வாசலில் நின்றது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவர் ஓடிப்போய் வாசற்படியைப் பார்ப்பார். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் அசைவது போலிருக்கும். கையை விட்டுத் தடவிப் பார்ப்பார்.

"இனிமேலைக்கு ஒரு சொட்டு வந்தாலும் வீடு போயிரும்," என்றாள் அன்னப்பூரணி. "நீங்கதானே வில்லு. போய்ச் சொல்லுங்க, காணும், போதும் எண்டு."

"நான் போய்ச் சொன்னாக் கேப்பாங்களா புள்ள?"

"வேற ஆரு சொல்ற? இஞ்ச உள்ள ஆக்கள்ள உங்களுக்கு மட்டுந்தான் கூட்டத்தில கை இரிக்கி."

அது உண்மை. வயல் இல்லாதவர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை. குடியிருப்பு முழுவதற்கும் இருந்தது நல்லரத்தினத்தின் கைகள் மட்டும்தான். அதை நினைத்தபோது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

நனைந்துகொண்டே பணியகத்துக்குப் போனார். பணிப்பாளர் அன்போடு வரவேற்றுத் தேநீர் கொடுத்தார்.

"சேர், வில்லு நிறைஞ்சி வழியுது. கதவத் திறந்தா நாங்க தண்ணியில தாண்டு போவம் சேர்."

"நிறைந்திருக்கிறதா? எந்த நீரால்?"

"மழைத் தண்ணியால சேர்."

பணிப்பாளர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "அங்கேதான் நீங்கள் தவறு விடுகிறீர்கள். மழையை யார் ஒதுக்கினார்கள்? எந்தக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள்? ஒதுக்காத நீர் நீரே அல்ல, நல்லரத்தினம். வில்லுக்கு உரிமை நீர் இன்னும் ஒரு துளியும் போய்ச் சேரவில்லை. எங்கள் கணக்கில் அது வறண்டு கிடக்கிறது. மழையைக் கண்டு நான் திகதியை மாற்றினால், நாளைக்கு வெயிலைக் கண்டும் மாற்றச் சொல்வார்கள். பிறகு பணியகம் எதற்கு?"

நல்லரத்தினம் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொன்று கேட்கிறேன். இப்போது என்னோடு பேசுவது வில்லா, நல்லரத்தினமா? நல்லரத்தினம் என்றால் பொதுமக்கள் தினத்தில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். வில்லு என்றால், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் வில்லை உலகத்தில் நான் கேள்விப்படவில்லை."

வெளியே வரும்போது தக்ஷாயினி படிக்கட்டில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "ஐயா, அண்டைக்குக் கதவடியில உங்கக்கிட்டதான் கடைசியாக் கேப்பாங்க, திறக்கவா எண்டு. நீங்க மட்டும் கையத் தூக்காதீங்க. தூக்காட்டித் திறக்க ஏலா. விதி அப்பிடி."

திறப்பு விழாவுக்குக் கதிரை கொடுத்ததும் நல்லரத்தினம்தான். செத்த வீட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெருமழையில் கூடாரம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மங்கள விளக்குக்கு ஒருவர் குடை பிடிக்க, குடை பிடித்தவருக்கு இன்னொருவர் குடை பிடித்தார். பணிப்பாளர் முழங்கால்வரை களிசானைச் சுருட்டிக்கொண்டு, வறட்சியின் கொடுமை பற்றிப் பேசினார். "இந்தக் காய்ந்த மண்ணைப் பாருங்கள்," என்று அவர் காட்டிய இடத்தில் ஒரு வாளி மிதந்து போனது. வட்டைக்காரர்கள் வாய் திறக்கவில்லை. கதவு திறந்தால், தங்கள் பயிரை மூழ்கடிக்கும் கால்வாய்த் தண்ணீர் வில்லுப் பக்கம் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிலும் எனக்குக் கோபம்தான்.

"வில்லின் பிரதிநிதியிடம் கேட்கிறேன். உரிமை நீரை வில்லு ஏற்கிறதா? ஏற்கிறதென்றால் கையை உயர்த்தவும்."

நல்லரத்தினம் கைகளைக் களிசான் பையில் ஆழமாகப் புதைத்துக்கொண்டு நின்றார். பல்லைக் கடித்தார். கண்ணை மூடி, வீட்டை நினைத்தார், அன்னப்பூரணியை நினைத்தார். கைகள் பையிலேயே இருந்தன.

சனம் வாகனத்தோடு முட்டிக்கொண்டு நின்றது சாரதிக்குப் பிடிக்கவில்லை. "எல்லாரும் பின்னுக்குப் போ!" என்று கத்தினான்.

பையின் தையல் பிரியும் சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டதாம்.

கதவு திறந்தது. நல்லரத்தினம் கையை இறக்கவும் மறந்து வீட்டை நோக்கி ஓடினார். வழியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. கால் நிலத்தில் பாவவில்லை. நீந்தத் தெரியாத மனிதன். வேலிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். "அன்னம்! அன்னம்!" என்று கத்த நினைத்தார், காற்றுத்தான் வந்தது. இரண்டு கதிரைகள் எதிரே மிதந்து வந்து அவரைக் கடந்து போயின. கொட்டிலில் அடுக்கிய கதிரைகள் மிதந்து வந்தால் கொட்டில் இல்லை என்று அர்த்தம். அப்போது அவருக்கு வந்த பயம் எந்த மைதானத்திலும் வந்ததில்லை.

அன்னப்பூரணி வீட்டுக்குள் மேசையின் மேல் கதிரைகளை அடுக்கி, கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றின் உச்சியில் இருந்தாள். கல்யாணக் கதிரையும் செத்த வீட்டுக் கதிரையும் அன்றைக்குத்தான் ஒன்றாகக் கிடந்தன. வில்லில் வலை போடுகிற ஆட்கள் தோணியோடு வந்து இருவரையும் ஏற்றினார்கள். குடியிருப்பில் ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். ஆடுகள் தப்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாயில் படுத்திருந்த சனத்தைப் பார்க்கப் பணிப்பாளர் வரவில்லை. வில்லைப் பார்க்க வந்தார். இனிமேல் பாசம் வந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். தோணியில் போய், கூரைகளுக்கு நடுவே மிதந்த கதிரைகளில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து சிறகு உலர்த்துவதைக் கண்டார். கரையேறியதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இவ்வளவு பறவைகளை இங்கே எவரும் கண்டதில்லை. அவை உட்கார இருக்கைகூட இயற்கையே அமைத்துக் கொடுத்திருக்கிறது. வில்லு தன் பழைய எல்லையைத் தானே தேடிப் போய்த் தொட்டிருக்கிறது. தண்ணீர் எதுவரை வந்ததோ அதுவரை வில்லு. அங்கே வீடுகள் இருப்பது, மன்னிக்க வேண்டும், வில்லின் உடம்பில் முள் இருப்பது போல."

வெள்ளம் வடிந்ததும் ஆட்கள் வீடு திரும்பிச் சேறு வழித்தார்கள். சேறு காயுமுன் சிறுபோகக் கூட்டத்துக்கான திகதி வந்தது. வில்லின் எல்லையைத் தண்ணீர் வந்த இடத்துக்கு நகர்த்துவது, உள்ளே அகப்பட்ட வீடுகளை அகற்றுவது என்பதுதான் கடைசித் தீர்மானம். வில்லின் பிரதிநிதி உடன்பட வேண்டும்.

"இந்த முறையும் கை எழும்பினா எங்களுக்குப் போக இடமில்ல," என்றாள் அன்னப்பூரணி. "தெரியுமா உங்களுக்கு?"

"நானா தூக்குறன்? அது தானா எழும்புது. வெட்டி எறிஞ்சாலும் நல்லம்."

அவள் நெடுநேரம் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய சீலையில் ஒரு கீலத்தைக் கிழித்து, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்து மணிக்கட்டில் சுற்றி இறுக்கினாள். முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டாள். மேலே சால்வையைப் போர்த்து மறைத்தாள். "முழங்காலுக்குள்ள வெச்சி இறுக்கிப் புடிச்சிருங்க. ஆரு கத்தினாலும் அசையாதீங்க. நான் யன்னலடியில நிக்கன். என்னயப் பாத்திட்டே இரிங்க."

கூட்டம் தொடங்கியது. விதைப்புத் திகதிக்குக் கைகள் எழுந்தன. மாடு அப்புறப்படுத்தும் திகதிக்கு எழுந்தன. நல்லரத்தினம் முழங்கால்களை நெருக்கிக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார். நடுவில் சாரதி வாசலில் நின்று யாரையோ அதட்டினான். கைகள் துள்ளின. முடிச்சு பிடித்துக்கொண்டது. கை எழவில்லை! நல்லரத்தினத்துக்கு நம்பவே முடியவில்லை. யன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்கு அப்பால் அன்னப்பூரணி, அப்படியே இருங்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள். அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. இத்தனை வருடங்களில் அன்றைக்குத்தான் அவர் ஒரு மண்டபத்துக்குள் பயமில்லாமல் மூச்சு விட்டார்.

"இனிக் கடைசித் தீர்மானம்," என்றார் பணிப்பாளர். "வில்லின் எல்லை. இதற்கு முன் ஒரு வார்த்தை. கை தூக்குவது, எண்ணுவது, திரும்ப எண்ணுவது என்று மக்களின் பொன்னான நேரம் வீணாகிறது. மக்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்பது எங்கள் கொள்கை. ஆகவே இன்றிலிருந்து முறையை எளிதாக்கியிருக்கிறோம். உடன்படுகிறவர்கள் சும்மா இருந்தால் போதும். எதிர்க்கிறவர்கள் மட்டும் கையை உயர்த்தவும்."

மண்டபத்தில் ஒரு கையும் எழவில்லை. வட்டைக்காரர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

நல்லரத்தினம், பணிப்பாளர் சொன்னது விளங்காதவர் போல முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு விளங்கியது. வாயைத் திறந்தார். சாரதி அதட்டியபோது நின்ற குரல் இன்னும் திரும்பவில்லை. சால்வைக்குள் கைகளை முறுக்கினார், இழுத்தார், பல்லால் கடித்தார். அன்னப்பூரணியின் முடிச்சு அசையவில்லை. எண்ணி முடிக்குமுன் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே விரும்பி, ஒட்டியபடியே இருந்த இரண்டு கைகளையும் சால்வையோடு தலைக்கு மேல் தூக்கினார்.

பணிப்பாளர் அவரைப் பார்த்தார். தலைக்கு மேல் குவிந்த கைகள், கண்ணில் நீர், நடுங்கும் உதடு.

"பாருங்கள்," என்றார் பணிப்பாளர், மெதுவாக. "வில்லு எழுந்து நின்று கும்பிடுகிறது. ஐயா, இந்த நன்றிக்கு நாங்கள் தகுதியானவர்களா?" அவரும் எழுந்து கைகூப்பினார். அவரைப் பார்த்து மேடையில் இருந்தவர்கள் கூப்பினார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும், இது சுலபமான வேலை என்பதால், எழுந்து கூப்பினார்கள். எதிர்ப்பு இல்லை என்று எழுதப்பட்டது.

யன்னலுக்கு வெளியே அன்னப்பூரணிக்கு ஒலிபெருக்கி சரியாகக் கேட்கவில்லை. மண்டபம் முழுவதும் எழுந்து தன் புருசனைக் கும்பிடுவது மட்டும் தெரிந்தது. வீடு தப்பிவிட்டது என்று அவளுக்கு அழுகை வந்தது. கண்ணகை அம்மனை நினைத்து, யன்னல் கம்பியை விட்டுவிட்டு, அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள்.